மூன்றாம் பக்கத்தில் மரியநாயகி

மரியநாயகி பத்திரிகை வாசிப்பவள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தச் செய்தியை நான் வேறுமாதிரி எழுதியிருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. யார் வாசிப்பார், யார் வாசிக்கமாட்டார் என்று பார்த்துப் பார்த்து எழுதிய நிருபன் நான் என்பதைத்தான் சொல்கிறேன். குருநகரில் பிறந்து, மீன் விற்று, அகதியாகப் பள்ளிக்கூட வாங்குகளுக்கு நடுவில் படுத்தெழும்புகிற ஒருத்தி என்னத்தைப் பேப்பர் வாசிக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். அவள் கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்புவரை படித்தவள். முதற்பக்கத் தலைப்பில் தொடங்கிக் கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல்வரை ஓரெழுத்து விடாமல் வாசிப்பாளாம்.

அவளுடைய தகப்பன் சிமியோன் கடற்றொழில் செய்தவர். பத்தொன்பது வயதில் யாகப்புவைக் கட்டினாள். எண்பத்துமூன்று ஆடியில், கொழும்பில் அடிபட்ட சனம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிக்கொண்டிருந்த நாட்களில், மூத்தவள் சிசிலியா பிறந்தாள். பிறகு கடலுக்குப் போகக்கூடாது என்று அரசாங்கத்தின் தடை வந்தது. யாகப்பு போனான். போகாவிட்டால் உலையில் என்னத்தைப் போடுவது? எண்பத்தேழு பங்குனியில் ஒருநாள் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியது. அப்போது இளையவள் பெர்னடெட் வயிற்றில். அந்தச் செய்தியும் எங்கள் பத்திரிகையில் வந்தது. இரண்டு வரி, பெயர் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டபோது குருநகரில் ஷெல் விழாத ஒழுங்கை இல்லை. மரியநாயகி ஒரு கையில் சிசிலியா, இடுப்பில் பெர்னடெட், தலையில் ஒரு மூட்டை, மூட்டைக்கு மேலே மாதா சொரூபத்தின் மரக்கூடு என்று வெளிக்கிட்டாள். ஒரு கோயில், இரண்டு பள்ளிக்கூடம் என்று மாறி மாறிக் கடைசியில் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். எட்டு வகுப்பறைகளில் நாற்பத்தொரு குடும்பம் இருந்தது. கக்கூசு இரண்டு, கிணறு ஒன்று.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பரமலிங்கம் என்றால் மருதனார்மடத்தைச் சுற்றி நாலு ஊருக்குத் தெரியும். காலையில் சைக்கிளில் திரிந்து செய்தி பொறுக்குவேன். பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்த காரியாலயத்துக்குப் போய், அங்கே வருகிறவர்களின் மரண அறிவித்தல்களை எழுதி வாங்குவேன். செய்தியும் சாவும் ஒரே மேசையில்தான் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

அந்தப் பள்ளிக்கூடத்து வேலிக்கு அங்கால் சண்முகநாதன் என்பவரின் வளவு. சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த வளவுக் கிணறு ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக்கூடாது. சண்முகநாதன் என் அக்கா குணலட்சுமியின் புருஷன், எனக்கு அத்தான்.

அகதிகள் வந்த புதிதில் அத்தான் காலையும் மாலையும் தண்ணீர் கொடுத்தார். கொடுத்தார் என்றால் எப்படி என்றும் சொல்லவேண்டும். பெண்கள் படலைக்கு வெளியே குடங்களை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். வீட்டு வேலைக்காரன் அள்ளிக்கொண்டு வந்து உயரப் பிடித்து ஊற்றுவான். கயிற்றைத் தொட ஒருவருக்கும் உரிமையில்லை. எங்கள் பக்கத்தில் அது புதினமுமில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் எனக்கு அது தண்ணீர் கொடுக்கிற முறை என்றே பட்டது. தொண்ணூற்றொன்று ஐப்பசியில் ஒருநாள் வேலைக்காரன் வரப் பிந்த, குருநகர்ப் பெண் ஒருத்தி உள்ளே போய்த் தானே துலாக்கயிற்றைப் பிடித்து அள்ளிவிட்டாள். அத்தான் கிணற்றை முழுக்க இறைப்பித்து, ஐயரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பித்து, படலைக்கு ஆமைப்பூட்டுப் போட்டார். அன்றைக்கு அக்கா வீட்டில் வடையும் பாயசமும். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பள்ளிக்கூட முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம். கக்கூசுக் குழிகள் நிரம்பி வழிந்தன. பள்ளிக்கூடக் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு இல்லை. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஐந்து பிள்ளைகள் செத்தன. அதில் மூன்றாவது, நாலு வயதுப் பெர்னடெட்.

செத்த மறுநாள் நான் போனேன். சுகாதாரப் பரிசோதகர் அங்கே வாசலில் குடையோடு நின்றார். “தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனாங்கள். கேட்டால்தானே! நோட்டீஸும் ஒட்டினது,” என்றார். நோட்டீஸ் சுவரில் இருந்தது உண்மைதான். மழையில் மை கரைந்து நீலமாக வழிந்திருந்தது. பிறகு மரியநாயகியிடம் போனேன். சுவரில் சாய்ந்து இருந்தாள். மூத்த பிள்ளை மடியில் படுத்திருந்தது.

“பிள்ளைக்குக் கொதிச்ச தண்ணி குடுத்தனியோ?” என்று கேட்டேன்.

“புதன்கிழமை குடுக்கேல்லை, ஐயா,” என்றாள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கொப்பியை மூடிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

வெளியே வரும்போது வேலிக்கு அங்கால் அத்தானின் துலா தெரிந்தது. படலையில் பூட்டும் தெரிந்தது. கண் பார்த்தது, கை எழுதவில்லை.

அந்தக் காலத்தில் அச்சுத்தாள் வராது. பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பித் தாளில், நீலமும் மஞ்சளுமாக நாலே பக்கம் அடிப்போம். மூன்றாம் பக்கத்தில் இப்படி வந்தது: “தாயின் அசட்டையால் நான்கு வயதுச் சிறுமி பலி. கொதித்தாறிய நீரையே பருகக் கொடுக்குமாறு சுகாதாரப் பகுதியினர் பலமுறை அறிவுறுத்தியும் அதனைப் பொருட்படுத்தாத, குருநகரைச் சேர்ந்த யா. மரியநாயகி என்பவரின் மகள்…” யாகப்பு செத்தபோது இடமில்லாத பெயருக்கு இப்போது முதலெழுத்தோடு இடம் இருந்தது.

அதே நாள் முதற்பக்கத் தலைப்பு என்ன தெரியுமா? “மண்ணெண்ணெய் இல்லை, விறகுக்கும் தட்டுப்பாடு: குடாநாட்டு மக்கள் பெரும் அவதி.” அதையும் பாதி நான்தான் எழுதினேன். கொழும்பைத் திட்டி எழுதினால் உள்ளூரில் யாருக்கும் நோகாது, அதனால் மண்ணெண்ணெய் முதல் தாள்வரை கொழும்பு போட்டிருந்த பொருள் தடையைப் பற்றிப் பெரிய எழுத்தில் போடுவோம். பிள்ளைகள் சாகிற செய்தி உள்ளே வரும், அங்கே குற்றவாளி தாய். ஒன்றாம் பக்கத்தில் எரிக்க விறகில்லாத நாட்டில் மூன்றாம் பக்கத்துத் தாய் எதைக்கொண்டு தண்ணீர் கொதிக்க வைப்பாள் என்று ஆசிரியரும் கேட்கவில்லை, அச்சுக்கோர்ப்பவரும் கேட்கவில்லை, எழுதிய எனக்கும் தோன்றவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்று கிழமை கழித்து ஒரு பின்னேரம் மரியநாயகி காரியாலயத்துக்கு வந்தாள். மருதனார்மடத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். கால் முழங்கால்வரை சேறு. கையில் மடித்த மஞ்சள் தாள், எங்கள் மூன்றாம் பக்கம்.

“இதை எழுதினது நீங்கள்தானே, ஐயா?”

“ஓம்,” என்றேன்.

“புதன்கிழமை குடுக்கேல்லை எண்டு சொன்னனான். அதை எழுதினனீங்கள். திங்கள், செவ்வாய் என்னெண்டு கேட்டனீங்களோ?”

அவளே சொன்னாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து உடைந்த மேசையின் காலைக் கழற்றி எரித்துக் கொதிக்க வைத்தாள். அதிபர் வந்து எல்லாருக்கும் முன்னால் ஏசினார். செவ்வாய்க்கிழமை மாதாவின் மரக்கூட்டைக் கொத்தி எரித்தாள். சொரூபத்தைத் துணியில் சுற்றி மூட்டைக்குள் வைத்தாள். “மாதா குறை நினையா எண்டு நினைச்சனான்,” என்றாள். புதன்கிழமை எரிக்க ஒன்றுமில்லை. பனையோலை எல்லாம் நனைந்து கிடந்தது. சட்டியோடு படலைக்குப் போய்ப் பூட்டைத் தட்டினாள். யாரும் வரவில்லை. பள்ளிக்கூடக் கிணற்றில் அள்ளித் துணியில் வடித்துக் கொடுத்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. படலை யாருடையது என்று இவளுக்குத் தெரியும்; நான் அந்தப் படலைக்கு என்ன முறை என்று தெரியுமோ?

“இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?” என்று கேட்டேன். முகாமில் நீ என்றவன் காரியாலயத்தில் நீர் என்றேன், அவ்வளவுதான் என் முன்னேற்றம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாகப்புவின் தமையன் பிலிப்பு பண்டத்தரிப்பில் காணி, கிணறு, கல்வீடு என்று இருந்தார். அவர் பேப்பரை வாசித்துவிட்டு முகாமுக்கு வந்து, ஒரு பிள்ளையைக் கொன்றவளிடம் மற்றப் பிள்ளையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெர்னடெட்டின் முப்பத்தோராம் நாள் பூசையன்று சிசிலியாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாராம். தம்பியின் ஒரே மிச்சம் என்று அவருக்கும் பயம். கெட்டவர் இல்லை.

“நான் சொன்னால் நம்பமாட்டார், ஐயா. பேப்பர் சொன்னதை நம்பினவர். பேப்பரே மாத்திச் சொன்னால் நம்புவார். எனக்கு சிசிலியா மட்டும்தான் இருக்கு.”

ஆசிரியர் இராசநாயகத்திடம் போனேன். கண்ணாடியைக் கழற்றாமலே, “திருத்தம் போட்டால் பேப்பருக்கு என்ன மரியாதை, பரமலிங்கம்? நாளைக்கு அஞ்சு தாய்மாரும் வந்து நிற்பினம்,” என்றார். பிறகு, “இடமுமில்லை,” என்றார். இடமில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லாப் பாவத்துக்கும் தீர்த்தம்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் எவருடைய சொல்லும் ஏறக்கூடிய அம்பலம் ஒன்று இருந்தது, கடைசிப் பக்கம். செய்தியை ஆசிரியர் எப்படியும் வெட்டுவார். ஆனால் மரண அறிவித்தலிலும் நினைவஞ்சலியிலும் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லையும் தொடமாட்டோம். ஒருமுறை ஒரு மருமகனின் பெயர் தவறிப்போய், அந்தக் குடும்பமே வந்து காரியாலய வாசலில் சண்டை பிடித்தது. அன்றிலிருந்து அது இரும்புச் சட்டம். ஆசிரியரே வாசிக்காமல் கையெழுத்து வைப்பார். வேலை செய்கிறவர்களுக்கு வருடத்தில் ஓர் அறிவித்தல் இலவசம். என்னுடையது அந்த வருடம் அப்படியே இருந்தது.

“முப்பத்தோராம் நாள் நினைவும் நன்றி நவிலலும் போடுவம்,” என்றேன். “நீர் சொல்லும், நான் எழுதுறன்.”

அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. வாங்கில் நிமிர்ந்து இருந்தாள். அறிவித்தல்களை வருடக்கணக்காக வாசித்தவள், பிசகில்லாமல் சொன்னாள்: “காலஞ்சென்ற சிமியோனின் பேத்தியும், காலஞ்சென்ற யாகப்பு, மரியநாயகி ஆகியோரின் அன்பு மகளும், சிசிலியாவின் ஆசைத் தங்கையும்…” அதற்குப் பிறகு வழக்கமாக நன்றி வரவேண்டும். நோயுற்றபோது உதவியோருக்கு, நேரில் வந்தோருக்கு, மலர்வளையம் வைத்தோருக்கு.

“நன்றி சொல்ல ஒருத்தரும் இல்லை, ஐயா. நடந்ததைப் போடுவம்.”

நடந்ததைப் போட்டோம். கக்கூசுக் குழி நிரம்பிக் கிணற்றில் கலந்ததாலும், விறகும் மண்ணெண்ணெயும் கிடையாததாலும், அயல் வளவு நல்ல தண்ணீர்க் கிணற்றின் படலை பூட்டப்பட்டிருந்ததாலும் எம் பிள்ளை எம்மைப் பிரிந்தாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் எழுதினேன். எழுதி வாசித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள்.

“கிணத்துக்காரற்றை பேர் வேண்டாம். நாளைக்கும் அந்த வேலிக்குப் பக்கத்திலைதான் இருக்கவேணும். பூட்டை மட்டும் போட்டால் போதும்,” என்றாள். என் கையைப் பிடிக்க வந்தவள், பிடிக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு தாளை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பெயர் இல்லைதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அயல் வளவு ஒன்றுதான், நல்ல கிணறும் ஒன்றுதான். ஊருக்கே தெரியும். அக்காவின் மூத்தவளுக்குத் தையில் கலியாணம் பேசியிருந்தது. அத்தான் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். இதை வாங்கி எழுதியது யார் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றில் ஒன்றுதானே, மிச்சம் இரண்டும் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றினேன். அவள் மேல் பிழையில்லை என்று காட்ட விறகே போதும், கக்கூசே போதும் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. பேனையை எடுத்துப் படலை வரியை வெட்டினேன். பத்தொன்பது வருடத்தில் அறிவித்தல் ஒன்றில் நான் கைவைத்தது அந்த ஒருமுறைதான். அச்சுக்கோர்ப்பவர் எழுத்துகளை அடுக்கி முடிந்ததும் தாளைத் திருப்பி வாங்கி, வெட்டிய வரி யார் கண்ணிலும் படக்கூடாதென்று நாலாகக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நினைவஞ்சலி வந்தது. நீலத் தாளில், சின்னச் சிலுவையோடு, நன்றாகத்தான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை மரியநாயகி மறுபடியும் வந்தாள். இம்முறை வாங்கில் இருக்கவில்லை.

“ஒரு வரி விடுபட்டுப்போச்சு, ஐயா.”

“இடமில்லை,” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அறிவித்தலுக்குக் கீழே இரண்டு விரற்கடை வெறுமையாக இருந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நடந்ததைச் சொன்னாள். பிலிப்பு அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தாராம். கக்கூசுத் தண்ணீர் கலந்தது சரி, விறகில்லாதது சரி என்றாராம். பிறகு, வேலிக்கு அங்கால் நல்ல கிணறு இருந்ததே, பத்தடி நடந்து அள்ளப் பஞ்சிப்பட்டுத்தானே ஊத்தைத் தண்ணியைக் கொடுத்தாய் என்று கேட்டாராம். முன்னுக்குக் கொதிக்க வைக்காதது பிழை என்றிருந்தது, இப்போது சோம்பல் பிழை என்றாயிற்று.

“பூட்டிக்கிடந்தது எண்டு சொன்னனான். சிசிலியாவும் சொன்னவள். அதுக்கு அவர் சொல்லுறார், கக்கூசுக் குழியைக்கூட வெட்கப்படாமல் பேப்பரிலை எழுதினவள், பூட்டியிருந்தால் அதை எழுதாமல் விடுவியோ எண்டு.”

மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

“பூசையண்டைக்கு விட்டிட்டுப் போனவர், வாற சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறாராம். ஐயா, நீங்கள் திருத்தம் ஒண்டும் போடவேண்டாம். அண்டைக்கு நான் சொல்லச் சொல்ல எழுதின கடுதாசி இருக்குத்தானே, அதைத் தாருங்கோ. உங்கடை கையெழுத்திலை பூட்டு எண்டு கிடக்கு. அதைக் காட்டினால் போதும். ஒருநாளைக்குத் தாருங்கோ, திருப்பிக் கொண்டுவந்து தாறன்.”

“அதைக் கிழிச்சுப் போட்டன்,” என்றேன்.

மேசையில் பேனை இருந்தது. கொப்பித் தாள் ஒரு கட்டு இருந்தது. நான் இன்னொருமுறை எழுதியிருக்கலாம். ‘படலை பூட்டியிருந்தது, நான் கண்ணால் கண்டேன், பரமலிங்கம்’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். அவளும் பேனையைப் பார்த்தாள். கேட்பாள், கேட்டால் எழுதுவேன் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? “சரி, ஐயா. வாறன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பிலிப்பு சைக்கிளில் வந்து சிசிலியாவைக் கூட்டிக்கொண்டு போனார். தையில் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நல்லபடி நடந்தது.

தொண்ணூற்றுநாலில் வெங்காயச் செய்கைபற்றி எழுதப் பண்டத்தரிப்புக்குப் போனபோது, ஒரு தோட்டத்து வரம்பில் கதைத்துக்கொண்டு நின்றவர் பிலிப்பு என்று கதை பாதியில்தான் எனக்குப் பிடிபட்டது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது, பேப்பர்க்காரன் என்றுமட்டும் தெரியும். மதிப்பாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். தம்பியின் பிள்ளையைத் தான் வளர்ப்பதாகச் சொன்னார். கொண்டுவந்த அன்று சைக்கிள் பின்னால் இருந்து வழி முழுக்க “பூட்டித்தான் கிடந்தது, பெரியப்பா” என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். தாய் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளைபோல் சொல்கிறது என்று தான் காதில் வாங்கவில்லையாம். “பிறகு பிறகு சொல்லுறதை விட்டிட்டாள். தாய் ஞாயிற்றுக்கிழமையளிலை வந்து பாக்கிறவ. முந்தி ஓடிப்போவாள், இப்ப போறேல்லை,” என்றார்.

அப்போது சிசிலியா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் தந்தாள். பதினொரு வயது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றாவது சொன்னேனா என்று கேட்கிறீர்களா? கோப்பையை வைத்துவிட்டு, வெங்காயத்துக்கு இந்தமுறை என்ன நோய் என்று பிலிப்புவிடம் கேட்டேன்.